காசநோய்க்குப் பின் உடல் தேறுதல்

காசநோயால் (சயரோகம், எலும்புருக்கி நோய்) இழந்த எடையையும் தசையையும் சிகிச்சைக் காலத்திலும் அதன் பின்னரும் மீட்டெடுப்பது உடல் தேறுதல் ஆகும். எடை கூடுவதும் தசை வளர்வதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் மருந்து, உணவு, உடலசைவு மூன்றும் சேர்ந்தே தேவை.

மெலிவின் காரணங்கள்

கிருமியை எதிர்க்கும்போது உடலில் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் பசியைக் குறைத்து, தசைப் புரதத்தைச் சிதைக்கின்றன. காய்ச்சல் ஆற்றல் செலவைக் கூட்டுகிறது. நோயாளிகளில் பலர் முன்பே ஊட்டச்சத்துக் குறைந்தவர்கள். நோயால் கூலியும் நின்றுபோனால் மெலிவு மேலும் கடுமையாகிறது.

தேறும் விதம்

மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் தணிந்து பசி திரும்புகிறது. முதல் மாதங்களில் கூடும் எடையில் பெரும்பகுதி கொழுப்பே; தசை மெதுவாகத்தான் வளரும். அதனால் எடை பழைய நிலையை எட்டிய பிறகும் படியேறினால் கால் தளர்வது உண்டு.

உணவு

இருக்க வேண்டிய எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 கலோரியும் 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை என்கிறது 2017-ஆம் ஆண்டின் இந்திய வழிகாட்டுதல். 50 கிலோ எடைக்கு இது 2,000 கலோரியும் 60–75 கிராம் புரதமும் ஆகும். சோற்றை மட்டும் கூட்டினால் புரதம் போதாது. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பால், வேர்க்கடலை ஆகியவற்றை வேளைதோறும் பிரித்து உண்பது நல்லது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. மிகவும் மெலிந்தவர்களுக்குத் திடீரென அதிக உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாகவே உணவைக் கூட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும்.

பயிற்சி

காய்ச்சல் நின்றபின் நடை, நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், படியேறுதல், பிறகு சிறு எடை தூக்குதல் எனப் படிப்படியாகக் கூட்டலாம். மூச்சுத்திணறலோ சளியில் இரத்தமோ இருந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆய்வுகள்

1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலும் சானடோரியத்திலும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) ஒரே மருந்தை உண்டவர்களை ஒப்பிட்டது. நல்ல உணவும் ஓய்வும் கிடைத்த சானடோரிய நோயாளிகளுக்கு எடை அதிகம் கூடியது. ஆனால் குணமானோர் விகிதம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றே. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வு, எடை ஏற்றத்துக்கும் உயிர் பிழைப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. முதல் இரண்டு மாதங்களில் எடை 5% கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61% குறைவாக இருந்தது. அதே ஆய்வில் நோயாளிகளோடு குடும்பத்தாருக்கும் உணவு கொடுத்தபோது குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39% குறைந்தது.

அரசு உதவி

2018 முதல் நிக்ஷய் போஷன் திட்டத்தில் உணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயானது. 2022-இல் தொடங்கிய தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டம், கடும் மெலிவு உள்ளவர்களைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கிறது.

கண்காணிப்பு

மாதந்தோறும் எடை பார்க்க வேண்டும். மாத்திரை அளவு எடையைப் பொறுத்தது என்பதால், எடை நன்கு கூடினால் அதையும் மாற்ற நேரிடலாம். இரண்டு மாத சிகிச்சைக்குப் பின்னும் எடை ஏறாவிட்டால், உணவுக் குறைவோ சர்க்கரை நோயோ மருந்துக்கு அடங்காத கிருமியோ காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.