கீழாநெல்லி கண்ட சோதனை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சில நாட்களில், ஆலயச் சுற்றுச்சுவரின் ஓரத்திலும், கல்லறைத் தோட்டத்துச் செங்கல் இடுக்குகளிலும், இரயில் பாதையின் சரளைக் கற்களுக்கு நடுவிலும், யாரும் விதைக்காத ஒரு சிறு செடி முளைத்து நிற்பதைக் காண்கிறோம். ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் உயரம். புளிய இலைபோல் இருபுறமும் அடுக்கிய சிற்றிலைகள். அவற்றைப் புரட்டிப் பார்த்தால் கடுகினும் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். இலைக்குக் கீழே காய்ப்பதால் கீழ்க்காய் நெல்லி. அது மருவிக் கீழாநெல்லி. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் கடலோரப் பங்குகளில் கண் மஞ்சளித்த ஒருவர் வீட்டில், மருத்துவர் பெயருக்கு முன்னே சொல்லப்படும் பெயர் இதுதான்.

இச்செடியின் வரலாற்றை நாம் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், இக்கடலோரப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றியபோது, துறைமுகத்தில் சுமைப்பணி செய்த ஒருவர் காலைத் திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. கண்கள் மஞ்சளித்திருந்தன. "சாமி, காமாலை மாதிரி இருக்கு" என்றார். பங்குத்தந்தை இல்லத்தின் கொல்லையிலிருந்து நாமே நம் கையால் ஒரு பிடி கீழாநெல்லி பறித்துக் கொடுத்தோம். வேரோடு மைபோல் அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னோம். எண்ணெயையும் புளியையும் தள்ளச் சொன்னோம். நம் அன்னை நமக்குச் செய்தது அதுவே. அவர் மூன்று வாரங்கள் தவறாமல் குடித்தார். மஞ்சள் இறங்கவில்லை. உடலெங்கும் அரிப்பு, மலம் சுண்ணாம்புக் களிபோல் வெளுத்தது, பிறகு குளிர் காய்ச்சல். மருத்துவமனைக்குப் போனபோதுதான், பித்தநாளத்தில் கல் அடைத்துச் சீழ் பிடித்திருப்பது தெரிந்தது. நோயில் பூசுதலை அவருக்கு நாமே அளித்தோம். அவர் திரும்பி வரவில்லை. அவர் மனைவி நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை என்பது இன்றுவரை நமக்கு எளிதாக இல்லை.

இனி செடிக்கு வருவோம்.

கேரளக் கரையில் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு, மலபாரின் செடிகொடிகளைப் பற்றித் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூல், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்சுடர்டாமில் அச்சாகியது. இம்முயற்சியின் தொடக்கத்தில் அவருக்குத் துணைநின்றவர் மத்தேயு அடிகள் என்னும் கார்மேல் சபைத் துறவி; மருத்துவ அறிவைச் சுவடிகளிலிருந்து எடுத்துச் சொன்னவர்களுள் தலையாயவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். அந்நூலின் பத்தாம் தொகுதியில் 'கிர்கநெல்லி' என்ற பெயரோடு ஒரு செடியின் படம் உள்ளது. பெயரைக் கேட்டவுடன் நமக்கு உறவு புரிந்துவிடும்.

நம் சென்னைக் கரையிலும் அக்காலத்தில் இத்தகைய தேட்டம் நடந்தது. 1690களில் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராயிருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுப்புறச் செடிகளைத் தமிழ்ப் பெயர்களோடும் மருத்துவக் குணங்களோடும் சேகரித்து இலண்டனுக்கு அனுப்பினார். மணிலாவிலிருந்து அவரோடு மடல் தொடர்பு வைத்திருந்தவர், இயேசு சபைச் சகோதரரும் மருந்தாளருமான காமெல். கமேலியா என்னும் மலர் அவர் பெயரைத் தாங்குகிறது. அவருடைய செடிகளும் குறிப்புகளும் சென்னை வழியாக ஐரோப்பா சென்றன. பண்டமும் பருத்தியும் ஏற்றிய இக்கரையில் மூலிகை அறிவும் கப்பலேறியது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

கப்பலில் அறிவு போனது மட்டுமன்று. கீழாநெல்லியே கப்பலில் வந்ததாக இருக்கலாம் என்றால் வாசக அன்பர்கள் வியப்படையக்கூடும். 1753இல் லின்னேயஸ், அமெரிக்கச் செடியையும் கீழைநாட்டுச் செடியையும் ஒன்றெனக் கருதி 'பில்லாந்தஸ் நிரூரி' என்ற ஒரே பெயரில் அடக்கினார். இந்தக் குழப்பம் இரு நூற்றாண்டு நீடித்தது. நம் வீட்டோரம் முளைப்பது பெரும்பாலும் 'பில்லாந்தஸ் அமாரஸ்' என்னும் வேறு இனம் என்று இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிந்தது. அமாரஸ் என்றால் இலத்தீனில் கசப்பு. ஒருமுறை மென்றவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. இந்த அமாரசின் தாயகமும் வெப்பமண்டல அமெரிக்காவே என்பது தாவரவியலார் பலரின் கருத்து. மிளகாயும் முந்திரியும் வந்த கடல்வழியில் இதுவும் வந்து, நம் மண்ணில் முன்பே இருந்த நெல்லியினச் சிறுசெடிகளோடு கலந்து, அவற்றின் பெயரையும் புகழையும் பெற்றிருக்கலாம். அச்சிறுசெடிகளில் ஒன்றான மேலாநெல்லிக்கு லின்னேயஸ் இட்ட பெயர் 'மதராஸ்பத்தென்சிஸ்'. நம் பட்டணத்தின் பெயரே அது. கீழாநெல்லி என்று விற்கப்படும் கட்டில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருப்பது இன்றும் உண்டு. கீரைக்காரம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. லின்னேயசே தடுமாறிய இடம் இது.

இச்செடியின் வரலாற்றில் பெரிய நாள் 1988 அக்டோபர் 1. அதன் கதை பிலடெல்பியாவில் தொடங்குகிறது. அங்குள்ள புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பாரூக் புளூம்பர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் கண்ட ஒரு புரதத்தைப் பின்பற்றிச் சென்று, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரசுக்கு வழி கண்டவர். 1976இல் நோபல் பரிசு பெற்றார். அந்நோய்க்குத் தடுப்பூசி செய்யும் வழியையும் இர்விங் மில்மனோடு அவரே வகுத்தார். தடுப்பூசி வராமல் தடுக்கும். வந்தவரை என் செய்வது? உலகில் கோடிக்கணக்கானோர் அவ்வைரசை வாழ்நாள் முழுதும் இரத்தத்தில் சுமந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்குக் கல்லீரல் சுருங்கும்; சிலருக்குப் புற்றாகும். அன்று அவர்களுக்குத் தர ஏற்ற மருந்து இல்லை என்றே சொல்லலாம். ஆகவே புளூம்பர்க்கின் குழுவினர், வெங்கடேசுவரன் என்னும் ஆய்வாளரை முன்னிட்டு, மரபு மருத்துவங்கள் காமாலைக்குச் சொன்ன மூலிகைகளைச் சோதித்தனர். நம் கீழாநெல்லியின் சாறு, சோதனைக் குழாயில் அவ்வைரசின் பெருக்கத்துக்கு வேண்டிய நொதியைத் தடுத்தது. இதை 1987இல் வெளியிட்டனர். அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றனர். நம் பாட்டிமாருக்கு யாரும் காப்புரிமை தரவில்லை என்று அப்போது பலர் கசந்துகொண்டதில் நியாயம் உண்டு.

அடுத்து மனிதரில் சோதிக்கவேண்டும். அதைச் செய்தது நம் சென்னைப் பல்கலைக்கழகம். நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராசனும் அவர்தம் குழுவினரும், பி வைரசைச் சுமந்தோருக்கு முப்பது நாட்கள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தனர். வேறு சிலருக்கு மருந்தற்ற போலி மாத்திரை கொடுத்தனர். மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் வைரசின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. இலண்டன் 'லான்செட்' இதழ், புளூம்பர்க்கின் பெயரும் சேர்ந்த அக்கட்டுரையை வெளியிட்டது. நூற்றுக்கு 59! கொல்லைச் செடி ஒன்று, மேலைநாட்டு மருத்துவத்தின் கை எட்டாத இடத்தை எட்டிவிட்டது என்று தமிழகமே மகிழ்ந்தது. நாமும் மகிழ்ந்தோம். மறையுரையில்கூடச் சொன்னதாக நினைவு.

ஆனால் அறிவியலில் ஒருமுறை கண்டது போதாது. வேறொருவர், வேறோரிடத்தில், மீண்டும் காணவேண்டும். 1990இல் தாய்லாந்து மருத்துவர்கள் அதே 'லான்செட்' இதழில் எழுதினர்: தாங்கள் கொடுத்துப் பார்த்ததில் வைரஸ் அகலவில்லை. 1994இல் பம்பாயில் செய்த ஆய்வும் அதையே சொன்னது, நியூசிலாந்திலும் அவ்வாறே. விளைந்த மண், பறித்த பருவம், பொடித்த முறை ஆகியவை வேறுபட்டதே காரணம் என்று சிலர் வாதிட்டனர். அதில் ஓரளவு பொருள் உண்டு. எனினும் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்ட காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு 2011இல் வெளிவந்தபோது, போலி மருந்தைவிடக் கீழாநெல்லி மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே முடிந்தது. முதற் செய்தி தெருவெல்லாம் பரவியது. பின்வந்த செய்தி ஆய்விதழ்களோடு நின்றுவிட்டது. நம் காதுக்கு அது வந்துசேர ஒருவர் சாகவேண்டியிருந்தது.

அப்படியானால் நம் அன்னையர் கண்டது பொய்யா? இல்லை. அவர்கள் கண்டதற்கு வேறு விளக்கம் உண்டு. மாசுபட்ட குடிநீராலும் உணவாலும் வரும் ஏ வகை, இ வகைக் காமாலைகள், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமே தணிந்துவிடும். குழாயில் சாக்கடை கலக்கும் நம் பகுதிகளில் நாம் மிகுதியும் காண்பது இவ்வகையே. கீழாநெல்லி குடித்தாலும் தணியும். வெறும் மோர் குடித்தாலும் தணியும். புகழ் செடிக்குப் போகும். ஓய்வும், எளிய உணவும், சாராயத்தை நிறுத்துவதும் சேர்ந்து செய்யும் நன்மையும் அதன் கணக்கிலேயே ஏறும். (இரவெல்லாம் குடித்துவிட்டுக் காலையில் கீழாநெல்லியால் கணக்கை நேர்செய்யலாம் என்று நம்பும் சகோதரர்களை ஒவ்வொரு பங்கிலும் கண்டிருக்கிறோம். கல்லீரல் அந்தக் கணக்கை ஏற்பதில்லை.)

ஆயினும் நீரால் வரும் காமாலையும் எல்லாருக்கும் எளிதன்று. 1955 இறுதியில் தில்லியில் யமுனைக் குடிநீரில் கழிவு கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டபோது, கருவுற்ற பெண்களே மிகுதியாக மாண்டனர். அது இ வகை என்பது பின்னாளில் தெரிந்தது. கருவுற்ற பெண்ணுக்குக் கண் மஞ்சளித்தால் அரைத்துக் கொடுக்க நேரமில்லை, அன்றே மருத்துவமனை. இச்செடியையும் கருவுற்றோர் உண்ணலாகாது. நீரிழிவுக்கு மருந்து உண்பவருக்குச் சர்க்கரை அளவை இது மேலும் தாழ்த்தக்கூடும். இரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரிவதற்கோ மாத்திரை உண்பவரும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. காமாலையில் பல வகை உண்டு என்று நம் சித்தர் மருத்துவமே பிரித்துச் சொல்கிறது. முறையாகக் கற்ற சித்த மருத்துவர் நாடியும் நீரும் பாராமல் இதைக் கொடுப்பதில்லை. செடியை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் கற்ற கல்வியை விட்டுவிட்டவர்கள் நாமே.

நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையமும், அதற்குப் பின் எழுந்த நிலையங்களும் கொட்டிய நிலக்கரிச் சாம்பல் முகத்துவாரத்திலும் உப்பங்கழியிலும் படிந்துள்ளது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் குடிசைகளின் வாசல்வரை வந்ததை மறந்திருக்கமாட்டோம். இத்தகைய மண்ணில் வளரும் செடி ஈயத்தையும் காட்மியத்தையும் வேரால் இழுத்துக்கொள்ள வல்லது. ஒரு கிலோ உலர் மூலிகையில் ஈயம் 10 மில்லிகிராமுக்கும், காட்மியம் 0.3 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுகோல். மணலிச் சாலையோரத்தில் பறித்த பிடியை யார் அளந்து பார்க்கிறார்கள்? கழுவினால் தூசு போகும். உள்ளே ஏறிய உலோகம் போகாது.

பி வகைக் காமாலைக்கோ, அன்று இல்லாத வழிகள் இன்று உள்ளன. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடும் ஊசி, தாயிடமிருந்து நோய் தொற்றுவதைப் பெரிதும் தடுக்கிறது. அரசு மருத்துவமனையில் அதற்குக் கட்டணம் இல்லை. நோயைச் சுமப்போருக்குத் தெனோபோவிர் போன்ற மாத்திரைகள் உள்ளன; வைரசை வேரறுக்காவிடினும் அடக்கி வைக்கின்றன. 2018இல் ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டம் சோதனையையும் மருந்தையும் இலவசமாகத் தருகிறது. ஜூலை 28 புளூம்பர்க் பிறந்த நாள். 2011இல் இறந்த அவர், சென்னைச் செடி தம்மைக் கைவிட்டதையும், தாம் வழிவகுத்த ஊசி குழந்தைகளைக் காப்பதையும் ஒருங்கே கண்டவர்.

1780களின் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்தின் வழியாக வளர்ந்ததால், நம் முதியோர் இன்றும் ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பர். சென்ற மழைக்காலத்தில் பங்குப் பெண்மணி ஒருவர், தம்பிக்குக் காமாலை என்று சொல்லி நம் கொல்லையில் கீழாநெல்லி பறிக்க அனுமதி கேட்டார். "பறித்துக்கொள், அம்மா. தம்பிக்கு அரிப்பு உண்டா? காய்ச்சல்? மலம் என்ன நிறம்?" என்று கேட்டோம். "வெளுத்திருக்கு, சாமி" என்றார். ஆட்டோ வரவழைத்து, கஞ்சித்தொட்டிக்கு அவர்களோடு நாமும் ஏறினோம். வழியெல்லாம் அந்தப் பச்சைப் பிடி அவர் மடியில் இருந்தது. எறியச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.