வெட்டி ஒட்ட முடியாத சாறி

பஸ்ஸுக்குள்ள, லெக்சர் தொடங்க முதல், கரண்ட் போன இரவில எண்டு எங்களில் யாராவது ஒருத்தர் போனில பொம்மைக்கு உடுப்பு மாத்திக்கொண்டுதான் இருப்பம். பெடியன்களும் விளையாடுறாங்க, ஒத்துக்கொள்ள மாட்டாங்க. சின்னப்பிள்ளை விளையாட்டு எண்டு ஒதுக்கினாலும் இதுக்கு 200 வருசத்துக்கு மேல வயசு.

1810இல் லண்டனில் எஸ். அண்ட் ஜே. புல்லர் என்ற நிறுவனம் 'லிட்டில் பேனியின் வரலாறு' என்றொரு சின்னப் புத்தகத்தை வெளியிட்டது. அதோடு கடுதாசியில் வெட்டிய உடுப்புகளும் தனியாக ஒரு தலையும் வந்தன. கதை நகர நகர, தலையை எடுத்து அடுத்த உடுப்பில் செருக வேண்டும். உடுப்பு ஆசை பிடித்த பேனி எல்லாத்தையும் இழந்து பிச்சை எடுக்கிறாள், பிறகு திருந்துகிறாள். உடுப்பை வித்துக்கொண்டே உடுப்பாசை கூடாது எண்டு புத்தி சொல்ற வியாபாரம்!

கணினிக்கு இது வந்தது 1991இல், ஜப்பானில். 'கிஸ்' எண்ட அந்த மென்பொருளில் முக்கியமான விசயம், யாரும் தாங்களே பொம்மையும் உடுப்பும் வரைந்து மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். 1996இல் மாட்டெல் நிறுவனத்தின் 'பார்பி பேஷன் டிசைனர்' வந்தது. உடுப்பை வடிவமைத்து, துணி ஒட்டிய தாளில் பிரிண்ட் எடுத்து, உண்மைப் பார்பிக்கே போடலாம். முதல் 2 மாதத்தில் 5 இலட்சத்துக்கு மேல வித்தது. பொம்பிளப் பிள்ளைகள் கேம் வாங்க மாட்டாங்க எண்ட கதை அத்தோட சரி. பிறகு பிளாஷ் கேம்கள். 2020 டிசம்பர் 31ஓட அடோபி பிளாஷை நிறுத்த, ஆயிரக்கணக்கான அலுமாரிகள் ஒரேயடியாப் பூட்டுப்பட்டன.

பேனியிலிருந்து இன்றைய போன் கேம் வரைக்கும் ஒரு விசயம் மாறவேயில்லை. உடுப்பு எண்டால் தைச்ச உடுப்பு. மேலுக்கு ஒண்டு, கீழுக்கு ஒண்டு, இல்லாட்டி முழுநீளத்துக்கு ஒரு கவுன். வெட்டின உருவத்தில அப்படியே ஒட்டலாம். சாறி அப்படியில்ல. 6 யார் துணி. உடுக்கிற ஆள்தான் அதை உடுப்பாக்குறது. கேமுக்குள்ள வரேக்க கொய்யகமும் முந்தானையும் ஒரே இடத்தில உறைஞ்சு ஒரு ஸ்டிக்கராப் போயிடுது.

வாவியின் தெற்கு அந்தத்தில், கல்முனைக்குப் பக்கத்தில மருதமுனை இருக்கு. கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். அங்க நெய்த சாறியை வாவிக்கரை ஊர்களில் தமிழ் ஆக்களும் உடுக்கிறாங்க, முஸ்லிம் ஆக்களும் உடுக்கிறாங்க. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா முந்தானையை இடுப்பில் செருகுவா. இன்னொருத்தியின் உம்மம்மா அதையே தலைக்கு மேல எடுத்து முக்காடு போடுவா. 1990இன் கொலைகளுக்குப் பிறகு ரெண்டு பக்க ஊரும் ஒண்டை ஒண்டு பயந்து பார்த்த காலத்தில, முந்தானை எங்க கிடக்கு எண்டதை வச்சே ஆள் யாரெண்டு கணக்குப் போட்டாங்க. துணி என்னவோ ஒரே தறியில வந்ததுதான்.

கேமுக்குள்ளயும் இந்தச் சண்டை நடந்திருக்கு. 2020 ஒக்டோபர் கடைசியில் 'ஷைனிங் நிக்கி' எண்ட சீன கேம் தென்கொரியாவுக்கு வந்தது. அதில் ஹான்போக் எண்ட கொரிய உடுப்பை வச்சிருந்தாங்க. இது சீன உடுப்புத்தான் எண்டு சீனாவில் சிலர் கிளம்ப, கொரியர்கள் கொதிக்க, நிறுவனம் அந்த உடுப்பை எடுத்தது. சில நாளிலேயே கொரிய சேவையையே மூடுவதாக அறிவித்தது. காசு கட்டி உடுப்புச் சேர்த்த பிள்ளைகளின்ட அலுமாரியும் அதோட போச்சு. எங்கட சாறி இப்படி ஒரு கேமுக்குள்ள வந்தால் 'இந்தியன் டிரஸ்' எண்டுதான் பெயர் விழும். அதுக்குச் சண்டை பிடிக்கவும் எங்களிட்ட ஆள் காணாது.

அதால பழைய 'கிஸ்' வழிதான் எங்களுக்குப் பிடிச்சிருக்கு, நாங்களே வரையிறது. ஒரு மருதமுனைச் சாறியை எடுத்துத் தொடங்கினம். செருகின முந்தானைக்கு ஒரு படம், முக்காட்டுக்கு ஒரு படம். வயல்வேலைக்குத் தூக்கிச் செருகிற மாதிரிக்கு மூண்டாவது வேணும் எண்டு இப்ப உம்மம்மா சொல்றா.