வலது கம்யூனிஸ்ட், இடது கம்யூனிஸ்ட்

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1964-இல் பிளந்தபின் இரு பிரிவுகளுக்கும் பத்திரிகைகளும் மேடைப் பேச்சாளர்களும் வழங்கிய பெயர்கள். 1789-இல் பிரெஞ்சு தேசிய மன்றத்தில் அரசரின் தடையதிகாரத்தை ஆதரித்தோர் தலைவருக்கு வலப்புறமும் எதிர்த்தோர் இடப்புறமும் அமர்ந்ததில் தொடங்கியது, அரசியலில் வலது, இடது என்று பிரிக்கும் வழக்கு. பிளந்த இரு பிரிவுகளில் காங்கிரஸோடு ஒத்துழைக்கும் போக்குக் கொண்ட சி.பி.ஐ. ‘வலது’ ஆயிற்று, மார்க்சிஸ்ட் பிரிவான சி.பி.எம். ‘இடது’. பொதுவுடைமையை இலக்காகக் கொண்ட கட்சியை வலது என்பது உட்கட்சி அளவுகோலுக்கு மட்டுமே பொருந்தும். தனியார் தொழிலுக்காக வாதாடிய ராஜாஜியின் சுதந்திரா கட்சியும் அதே ‘வலது’தான் என்றால் அடைமொழிக்கு என்ன பயன்? 1967 சென்னை மாநிலத் தேர்தலில் சுதந்திராவும் ‘இடது’ சி.பி.எம்.மும் தி.மு.க. அணியில் நின்றன, ‘வலது’ சி.பி.ஐ. அவ்வணியில் இல்லை.