தலைத்தட்டும் தன்னுரிமையும்: பேராக் தமிழரின் சிறுதொழில் ஊக்கம்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரப்பர்த் தோட்டத்திலிருந்தே தொடங்குவர். அது முறையே. 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. பின்னாளில் பேராக் மாநிலமெங்கும் பரவிய அப்பயிர்தான் நம் முன்னோருள் மிகப் பலரை இம்மண்ணுக்கு ஈர்த்தது. ஆயினும், தோட்டத்திற்கு வெளியே, கையிலிருந்த சிறுபொருளையே முதலாக இட்டு வாழ்ந்த தமிழரும் இருந்தனர். வட்டித்தொழில் நடத்திய நகரத்தாரைப் பற்றி நூல்கள் உள. தலையில் தட்டேந்தித் தெருத்தெருவாய் நடந்த சிறுவணிகரைப் பற்றி எழுதப்பட்டதோ சிறிதே.

இக்குறை ஒரு தவறான கருத்துக்கும் இடந்தந்துவிட்டது. தோட்டத்துத் தமிழனுக்கு வணிக ஊக்கம் இயல்பிலேயே இல்லை என்று மேடையிலும் திண்ணையிலும் பேசுவோர் உளர். இக்கூற்று உண்மைதானா? பேராக் மாநிலத்தின் வரலாறே இதற்கு விடை கூறும்.

ஊக்கம் என்பது யாது?

வள்ளுவப் பெருந்தகை ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். உள்ளத்தில் எழும் கிளர்ச்சி வேறு. அதனைச் செயலாக்கும் இடைவிடாத முயற்சி வேறு என்பதை அவ்வைப்புமுறை உணர்த்துகின்றது. மேலைநாட்டாரும் இப்பொருளை ஆய்ந்தனர். செருமானிய அறிஞர் மாக்ஸ் வேபர், 1904, 1905-ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில், சமய ஒழுக்கத்திற்கும் பொருளீட்டும் முனைப்புக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் மெக்கிளிலண்டு, 1961-இல் வெளியிட்ட நூலில், ஒரு சமுதாயத்தின் பொருள் வளர்ச்சிக்கு அதன் மக்களிடம் உள்ள அடைவூக்கமே பெருங்காரணம் என்றார். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அடைவூக்கம் என்னும் சொல்லை நன்கறிவர். இயன்ற அளவு இடர் ஏற்று, தன் முயற்சியின் பயனைத் தானே அளந்தறிந்து, மேலும் சிறப்பாகச் செய்ய விழையும் மனநிலையே அது.

தன் முயற்சியின் பயனைத் தானே அளந்தறிதல் என்னும் இக்கூறு தோட்டத்து வாழ்வில் எங்ஙனம் இருந்தது என்பதை முதற்கண் காண்போம்.

பெரட்டும் பற்றும்

தோட்டத்துத் தொழிலாளியின் நாள் அவனுடையதாக இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்தல் வேண்டும். கங்காணி, தண்டல், கிராணி, துரை என்னும் படிநிலையில் அவன் அடிப்படியில் நின்றான். 1920-களின் இறுதியில், அரசு வரையறுத்த இடங்களில் ஆணின் நாட்கூலி 50 காசு. பெண்ணின் நாட்கூலி 40 காசு. 1930-இல் இரப்பர் விலை வீழ்ந்தபோது அக்கூலியும் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நன்கு மரம் சீவியவனும் சோம்பியவனும் ஒரே கப்பலில் சென்றனர். முயற்சிக்கும் பயனுக்கும் இடையிலுள்ள தொடர்பை அறுத்தெறிய இதனினும் கொடிய பாடம் வேண்டுமோ?

தோட்டக் கடையிலோ எல்லாம் பற்று. அரிசியும் பருப்பும் மீனும் பற்றுப் புத்தகத்தில் ஏறும். சம்பள நாளில் கழியும். காசைக் கண்ணாற் கண்டு, எண்ணி, முதலுக்கு இவ்வளவு, செலவுக்கு இவ்வளவு என்று பிரிக்கும் பழக்கத்திற்கு அங்கு வாய்ப்பு அரிது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என விதித்தது. அப்பள்ளிகள் எழுத்தும் எண்ணும் கற்பித்தன. கற்ற கணக்கைப் பயன்படுத்தக் களந்தான் இல்லை.

எனினும் ஊக்கம் அறவே அவிந்ததன்று. லயத்தின் பின்புறம் மாடும் ஆடும் வளர்த்தோர் பலர். காய்கறிப் பாத்தி கட்டினோரும் பலர். பால் வெட்டு முடிந்தபின் மாட்டுப்பாலைக் கறந்து அண்டை ஊர்களில் விற்று வந்தோர், கூலிக்கு அப்பால் ஒரு சிறு வருவாயை உண்டாக்கினர். துரையின் கணக்கில் ஏறாத அந்தச் சில காசுகளே, தோட்டத்துக் குடும்பம் தன் விருப்பப்படி செலவிட்ட முதற்பணம் எனலாம்.

கரிசல் மண்ணிலிருந்து கல்லுமலைக்கு

1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் கூலியாள் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் வந்தோர் கங்காணியின் முன்பணத்தில் வந்தவரல்லர். தம் செலவிலோ உற்றார் துணையிலோ வந்தவர். 1940-களில் இவ்வாறு ஈப்போ வந்து சேர்ந்தோருள் எட்டயபுரத்தார் ஒரு குழுவினர். 1882-இல் பாரதியார் பிறந்ததால் தமிழ் மாணவர் யாவரும் அறிந்த ஊர் அது. கரிசல் நிலம், வானம் பார்த்த பூமி. அந்நிலப்பகுதி தின்பண்டத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. சாத்தூர்ச் சேவும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அவ்வட்டாரத்தின் கைவண்ணமே. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

எட்டயபுரத்தார், குனோங் சீரோ என வழங்கும் கல்லுமலையின் அடிவாரத்தில் குடியமர்ந்தனர். தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் சுப்பிரமணியர் ஆலயம் அமைந்த சுண்ணாம்புக் குன்று அது. ஈப்போ அந்நாளில் ஈயத்தின் தலைநகர். கிந்தாப் பள்ளத்தாக்கின் லம்பங்களில் உழைத்தோர் கையில் காசு புழங்கிற்று. திரையரங்குகளின் வாயிலில் கூட்டம் நின்றது. இச்சூழலை அவர்கள் கூர்ந்து கண்டனர்.

கடலையையும் கொண்டைக்கடலையையும் ஊறவைத்து, வறுத்து, பொரித்து, மாவைப் பிசைந்து அச்சிலிட்டுப் பிழிந்து, வகைவகையாய்த் தட்டில் நிரப்பினர். அத்தட்டைத் தலையில் ஏந்தி நடந்தனர். பழந்தாளைக் கூம்பாகச் சுருட்டிச் சில காசுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனர். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் வாங்கியுண்டனர். பண்டத்திற்கும் மலாய்ப் பெயரே நிலைத்தது: கச்சாங் பூத்தே, அதாவது வெள்ளைக் கடலை. தமிழன் ஆக்கிய பண்டம் மலாய்ப் பெயர் பூண்டு மூவினத்தார்க்கும் பொதுவாயிற்று. தன் இனத்தாரை மட்டும் நம்பாது ஊரார் அனைவரையும் வாடிக்கையாளராய்க் கொண்டமை இவ்வணிகரின் அறிவுக்கூர்மைக்குச் சான்று.

மூன்று துணைகள்

தோட்டத்திலிருந்தோரும் கல்லுமலையில் குடியேறியோரும் ஒரே தமிழினத்தார். ஒத்த வறுமையில் பிறந்தோர். ஒருசாரார் கூலியராய் நிற்க, மற்றொருசாரார் வணிகரானது எதனால்? பிறவி ஊக்கத்தின் ஏற்றத்தாழ்வு என்பது பொருந்தாது. ஊக்கத்தைத் தாங்கும் துணைகளில்தான் வேறுபாடு.

முதல் துணை கைத்திறம். பண்டம் செய்யும் அறிவு வீட்டு அடுப்படியிலேயே இருந்தது. ஆடவர் விற்கப் போகப் பெண்டிரின் கை வீட்டில் உழைத்தது. இரண்டாவது உறவு. ஓரூரார் ஓரிடத்தில் குடியிருந்து ஒரே தொழில் செய்யும்போது, புதிதாய் வந்தவனுக்கு அடுப்பும் கடனும் வழிகாட்டலும் எளிதிற் கிட்டும். தமிழரிடை வழங்கிய கூட்டு என்னும் சீட்டுமுறையும் இத்தகைய நம்பிக்கையின் மேல் எழுந்ததே. அது வணிகமாய்ப் பெருகி ஏமாற்றுக்கும் இடமளித்தமையால், 1971-இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. மூன்றாவது, அன்றாடக் கணக்கு. காலையில் இட்ட முதல் மாலையில் காசாய்த் திரும்பும். எவ்வகை விற்றது, எது மிஞ்சியது, எத்தெரு வாங்கியது என்பது அன்றிரவே தெரிந்துவிடும். மெக்கிளிலண்டு கூறிய அளந்தறிதல் இதுவே. பெரட்டுக்களத்தில் கிடைக்காத பாடத்தைத் தலைத்தட்டு நாள்தோறும் கற்பித்தது.

அவர்களை இயக்கியது செல்வத்தின்மேல் வேட்கையன்று. தன் நாளுக்குத் தானே உரியவனாதல் என்னும் விழைவே எனக் கொள்வது பொருந்தும். மழைபெய்யின் விற்பனை இல்லை, கால் நோகும், தலை கனக்கும். ஆயினும் எத்தெருவில் திரும்புவது என்பதை அவர்களே முடிவு செய்தனர்.

பாறை வீழ்ந்த நாள்

1973 அக்டோபரில் குனோங் சீரோவின் பாறை பிளந்து அடிவாரக் குடியிருப்பின்மேல் வீழ்ந்தது. ஏறத்தாழ 40 உயிர்கள் மாண்டன. குன்றடியில் வாழ்வது இனி இயலாதென்றாயிற்று. கச்சாங் பூத்தே வணிகர் புந்தோங் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். இடம் மாறியது, தொழில் மாறவில்லை. புந்தோங்கில் மீண்டும் அடுப்பு மூண்டது. தலைத்தட்டு மிதிவண்டியாயிற்று, மிதிவண்டி மோட்டார்வண்டியாயிற்று, பின்னர் இரவுச் சந்தையும் கடையுமாயிற்று. 1985-இல் ஈயவிலை சரிந்து ஈப்போவின் புழக்கம் தளர்ந்தபோதும், பண்டத்தைப் பைகளில் அடைத்துப் பிறவூர் வணிகர்க்கு அனுப்பி நிலைத்தனர். இன்று கம்போங் கச்சாங் பூத்தே என்றே அக்குடியிருப்பு பெயர் பெற்றுள்ளது. உள்ளக் கிளர்ச்சி மட்டும் இருந்திருந்தால் அப்பாறையோடு அதுவும் புதைந்திருக்கும். ஆள்வினை இருந்தமையால் தொழில் எழுந்தது.

தோட்டம் கலைந்தபின்

இனி, தோட்டத்தாரின் நிலையை நோக்குவோம். 1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்படலாயின. வேலையும் வீடும் ஒருங்கே பறிபோயின. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப்பணத்தால் தோட்டங்களே வாங்கப்பட்டன. வணிக ஊக்கம் இல்லாதார் எனப்பட்டோர், நம்பத்தகுந்த ஓர் அமைப்பு கிடைத்தவுடன் நிலவுடைமைக்குப் பங்காளராயினர் என்பதை மறத்தல் கூடாது.

பின்னாளில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, ஈப்போவின் புறநகர்களுக்கு வந்தோர் பலர் உணவுக்கடை, பூக்கட்டுதல், தையல், மாவரைத்தல் எனத் தொழில் தொடங்கினர். பலர் தோற்றனர். அவர்களுக்கு ஊக்கம் குறைவன்று; மேற்கூறிய மூன்று துணைகளுமே குறைவு. லயம் கலைந்தபோது உறவும் சிதறியது. பற்றுப் புத்தகத்தில் வளர்ந்தோர்க்கு முதலையும் இலாபத்தையும் பிரிக்கும் பழக்கம் இல்லை. கடைக்காசையே வீட்டுக்காசாகக் கொண்டு முதலை உண்டுவிட்டோர் அவருள் மிகுதி.

இக்குறை தீராததன்று. 1964-இல் மெக்கிளிலண்டும் அவர்தம் குழுவினரும் ஆந்திரத்துக் காக்கிநாடாவின் சிறுதொழிலர்க்குச் சில நாள் பயிற்சி அளித்தனர். பயிற்சி பெற்றோர், பெறாதோரைவிட மிகுதியாய்ப் புதுத்தொழில் தொடங்கியும் பழையதை விரித்தும் முன்னேறினர் என்பதை 1969-இல் வெளியான நூல் காட்டிற்று. ஊக்கம் கற்பிக்கத்தக்கது என்பதே இதன் முடிபு. இந்நாட்டில் 1998-இல் தோன்றிய தெக்குன் நிறுவனம் போன்றவை சிறுகடன் வழங்குகின்றன. கடனோடு கணக்கும் வழிகாட்டலும் சேர்தல் வேண்டும் என்பதற்குப் புந்தோங் வீதியே சான்று பகரும்.

அடுத்த தலைமுறை

இவ்வரலாற்றில் உள்ளத்தை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. தட்டேந்திய தந்தையரின் நோக்கம் தட்டை மகனிடம் கொடுப்பதன்று. மகன் தலையில் அது ஏறாதிருக்கச் செய்வதே. கடலை விற்ற காசு பள்ளிக்கட்டணமாயிற்று. பிள்ளைகள் கற்று வேறு பணிகளுக்குச் சென்றனர். நோக்கம் நிறைவேறியமையாலேயே தொழிலுக்கு வாரிசு அரிதாகின்றது. இதனைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா? தந்தையர் கண்ணால் நோக்கின் வெற்றியே. கைத்திறமும் கணக்கறிவும் அவர்களோடு மறையுமாயின், அஃது இழப்பே.

அவ்விழப்பைத் தடுக்கும் பொறுப்பில் தமிழ்ப்பள்ளிக்கும் பங்குண்டு. கணக்குப் பாடத்தில் முதலும் இலாபமும் வெறும் எண்களாய் நிற்கின்றன. அவற்றின் பின்னே கல்லுமலை அடிவாரத்து அடுப்பும், மாலையில் எண்ணப்பட்ட சில்லறையும் உள்ளன என்பதை ஆசிரியர் எடுத்துரைப்பாராயின், கணக்கு உயிர்பெறும். தோட்டத்துத் தமிழனுக்கு ஊக்கம் இல்லை என்று இனியொருவர் கூறும்போது, மறுமொழி கூறவும் மாணவர் அறிவர்.