புகையைக் கழித்த நெருப்பு

இலங்கையின் ஊவாவில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலை ஸ்டோர் ஏதாவதொன்றில் டிரையர் ஓடும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு வாயில் ஈரத்தோடு செம்பு நிறமாய்ப் போகிற தூள், இருபது நிமிஷம் கழித்து மறு வாயில் கறுத்து, மொறுமொறுவென்று கொட்டும். அள்ளி முகர்ந்தால் தேயிலை வாசம் மட்டும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் யூக்கலிப்டஸ் கட்டைகள் திகுதிகுவென்று எரிகின்றன. அந்த நெடி இங்கே துளியும் இல்லை. சூடு வரவேண்டும், புகை வரக்கூடாது. டிரையர் பிறந்ததே இதற்காகத்தான்.

ஊவாவில் முதலில் இருந்தது கோப்பி. அதற்கு வெயில் போதும், நாள்கணக்கில் களத்தில் கிடந்து காயும். 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைக்கு அடியில் மஞ்சள் பொடியாய்த் தென்பட்ட துருநோய், இருபது வருஷத்துக்குள் அந்தப் பயிரையே முடித்துவிட்டது. நோய் தென்படுவதற்கு இரண்டு வருஷம் முன்பே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கொழுந்தைப் பங்களா வராந்தாவில் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி போட்டு, மேலே கம்பித் தட்டு வைத்துக் காயவைத்தார்.

வெயிலை நம்பித் தேயிலையைப் போட்டுவைக்க முடியாது. உருட்டியதும் சாறு வெளியே வந்து ஒட்சிசனைப் பிடித்துக்கொள்கிறது. பெர்மென்டேஷன் என்று பழக்கத்தில் சொல்கிறோம், நடப்பது ஒட்சியேற்றம். பள்ளிக்கூடத்தில் படித்த புறவெப்பத் தாக்கம் இதுதான்: குவியலுக்குள் கையை விட்டால் தானாகவே சூடு ஏறியிருப்பது தெரியும். பதம் வந்த நிமிஷத்தில் கடும் சூடு காட்டி நிறுத்தாவிட்டால் தூள் கெட்டுப்போகும்.

கடும் சூட்டுக்கு அன்று கரியை விட்டால் வழியில்லை. விறகு எரியும்போது முதலில் அதிலிருந்து வாயுவும் தாரும் கிளம்பும். எரியாமல் தப்பிப்போகிற அந்த எரிபொருளே புகை. கரியில் அதெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது, மிச்சம் பெரும்பாலும் காபன். கிலோவுக்கு ஏறக்குறைய 30,000 கிலோயூல் தரும். காய்ந்த விறகு 18,000தான். கணக்கு கரிக்குச் சாதகமாகத் தெரிகிறதா? பழைய மண்சூளையில் ஒரு கிலோ கரிக்கு ஐந்தாறு கிலோ விறகு போகும். காட்டின் சூட்டில் பாதிக்குமேல் சூளையிலேயே தொலைந்தது.

அசாமின் கச்சாரிலும் இதே கரி அடுப்பு, இதே தட்டு. 1864இல் பதினேழு வயதில் அங்கே வந்து சேர்ந்தவர் அயர்லாந்துக்காரரான சாமுவேல் டேவிட்சன். நெருப்பை இரும்புக்குள் அடைத்து, புகையைப் புகைபோக்கி வழியே வெளியே அனுப்பினார்; இரும்பைச் சுற்றிச் சூடேறி எழும் வெறுங்காற்றைத் தட்டுகளுக்கு ஊடாக விட்டார். நடுவில் ஓர் இரும்புத் தகடு, வேறொன்றுமில்லை. யாருக்கும் தோன்றியிருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம். 1877இல் வந்த அந்த மெஷினுக்கு அவர் வைத்த பெயர் சிரோக்கோ, சகாராவிலிருந்து வீசும் சுடுகாற்றின் பெயர். 1881இல் பெல்பாஸ்டில் அதே பெயரில் பட்டறை போட்டார்.

தகடு வந்ததும் உள்ளே எதை எரிப்பது என்ற கவலை போயிற்று. விறகு, நிலக்கரி, பிறகு எண்ணெய். 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறியதும் பல ஸ்டோர்கள் மறுபடி விறகுக்கே திரும்பின. தகட்டில் ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் போதும், கொழும்பில் தேத்தண்ணி சுவைத்துப் பார்க்கிறவரின் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

விறகின் ஈரம் வேறு தொல்லை. ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்க 2,260 கிலோயூல் வேண்டும். பாதிக்குப் பாதி ஈரமான கட்டையில், கிலோவுக்கு 18,000 என்று நம்பிய இடத்தில் 8,000 தேறுவதே பெரிது. மழைக்காலத்தில் டிரையர் தூளைக் காயவைக்கிறதோ இல்லையோ, விறகைக் காயவைக்கும்.

சுடுகாற்றுப் பெயர் ஊவாவுக்குப் புதிதில்லை. இங்கே கச்சான் இருக்கிறது. (கச்சாருக்கும் கச்சானுக்கும் ஓர் எழுத்துத்தான் தூரம்; உறவு ஒன்றும் இல்லை.) தென்மேற்குப் பருவக்காற்று நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டுகிறது. நீராவி மழையாகும்போது, அதை ஆவியாக்கச் செலவான சூட்டைக் காற்றிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்தக் காற்று இந்தப் பக்கம் இறங்க இறங்க இன்னும் சூடாகி, வறண்டு, நமுனுகுல மலை அடிவாரக் கொழுந்தின் மேல் வீசுகிறது. அந்தப் பக்கத்து மழையை எரிபொருளாய்க் கொண்ட டிரையர் என்றே சொல்லலாம். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசம் ஏறுவதும் அந்த ஜூலை, ஓகஸ்ட், செப்டம்பர் மாதங்களில்தான்.

ஸ்டோரை விட்டுத் தொழிலாளர் லயத்துக்கு வந்தால் தகடு இல்லை. கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிக் கட்டிவந்த மிலாறு அடுப்பில் கிடக்கிறது. நேற்றைய மழையில் நனைந்தது; ஊதாங்குழலால் ஊதினால் நெருப்புக்கு முன்னால் புகைதான் எழுகிறது. கூரைத் தகரம் கருத்துக் கிடக்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டே தண்ணி கொதிக்கவைத்து, ஸ்டோரில் கொடுத்த தூளை ஒரு கரண்டி போடுகிறார் ஓர் அக்கா. வீட்டுக்குள் புகை வாடை இல்லாத பொருள் அந்தத் தூள் ஒன்றுதான்.