கோயமுத்தூர் டாக்டரும் கோலாலம்பூர் பரீட்சையும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ டாக்டர் அப்பாரு வீட்டுல வெள்ளையடிச்சுட்டு இருந்தாங்க. (எங்க தாத்தாவோட தம்பி. கோபியில கிளினிக். சொந்தத்துல எல்லாருக்கும் அவர் டாக்டர் அப்பாருதான்.) பரண்ல இருக்கிற தகரப் பெட்டியை இறக்க ஆள் வேணும், பெங்களூர்ல பொட்டி தட்டுறவன் லீவுல சும்மாதானே உக்காந்திருக்கான்னு என்னைக் கூப்பிட்டாங்க. ஆபீஸ்ல பிடுங்குற ஆணி பத்தாதா, ஊருக்கு வந்தும் இதுவான்னு நினைச்சுட்டேதான் ஏறினேன். பெட்டிக்குள்ள ஒரு பழைய பாஸ்போர்ட், அதுல கோலாலம்பூர் முத்திரை, அடியில பழுப்பேறின ஒரு காகிதம். இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ், 1975.

இதுல என்ன அதிசயம்னு கேக்கறீங்களா? எங்க குடும்பத்துல ரொம்ப வருஷமா ஒரு கதை ஓடுது. "டாக்டரு அமெரிக்கா போறேன்னு கெளம்புனாரு, பரீட்சையில கோட்டை விட்டுட்டு கோபியிலயே உக்காந்துட்டாரு." கல்யாணம், காதுகுத்து, எங்க பந்தி போட்டாலும் ரசத்துக்கு முன்னாடி இந்தக் கதை ஒரு தடவை வந்துரும். அவரும் சிரிச்சுக்குவாரு. மறுத்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. ஆனா என் கையில இருக்கிற காகிதம் அவர் பாஸ் பண்ணிட்டாருன்னு சொல்லுது.

"ஏனுங் அப்பாரு, இது என்னங்?"னு நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தவர், "அது செல்லாத சீட்டு சாமி, உள்ள வெய்யி"ன்னுட்டாரு. அவ்வளவுதான் பதில். மீதியை நானாத்தான் தோண்டிப் படிச்சேன். அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

ஒரு ஊர்ல வாங்கின டாக்டர் பட்டம் இன்னொரு ஊர்ல செல்லுமா செல்லாதாங்கிறது இன்னைக்கு நேத்துத் தகராறு இல்லை. இங்கிலாந்துல 1858-ல மெடிக்கல் கவுன்சில் வந்துச்சு. டாக்டர்னு போர்டு மாட்டிக்க யாருக்கு உரிமைன்னு அவங்க ஒரு பதிவேடு வெச்சிருந்தாங்க. நம்ம மெட்ராஸ் மாதிரி இந்தியப் பல்கலைக்கழகங்களோட பட்டமும் அதுல செல்லுபடியாச்சு. 1930-ல திடீர்னு அந்த அங்கீகாரத்தை ரத்து பண்ணிட்டாங்க. பிரசவம் பார்க்கிற பயிற்சி இங்க சரியில்லைங்கிறது நீண்ட நாள் புகார். நாங்க ஆள் அனுப்பிச் சோதிப்போம்னு அவங்க, நீங்க யாரு சோதிக்கன்னு நம்மாளுங்க. அந்த ரோஷத்துல பிறந்ததுதான் 1933-ம் வருஷத்து இந்திய மெடிக்கல் கவுன்சில் சட்டம்.

இதுல ஒரு கூத்தைக் கவனிங்க. வெள்ளைக்காரன் நம்மளை ஒதுக்கறான்னு வந்த அதே சட்டம், இங்க கிராமம் கிராமமா வைத்தியம் பார்த்துட்டு இருந்த எல்.எம்.பி. டாக்டர்களை அகில இந்தியக் கணக்குல சேர்க்கலை. எம்.பி.பி.எஸ். படிச்சவங்க மட்டும் உள்ள. அவன் நம்ம முகத்துல சாத்தின கதவை நாம அப்படியே திரும்பி நம்மாளு முகத்துல சாத்தியிருக்கோம்.

சரி, அப்பாரு கதைக்கு வருவோம். கோவை மருத்துவக் கல்லூரி 1966-ல ஆரம்பிச்சுது. அவினாசி ரோட்டுல பீளமேடு தாண்டறப்போ பார்த்திருப்பீங்க. (காலேஜ் ஒரு மூலை, ஜி.எச். திருச்சி ரோட்டுல இன்னொரு மூலை. இந்த ரெண்டுக்கும் நடுவுல அலைஞ்சே பாதிப் படிப்பு போயிருக்கும்.) அதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்துப் பையன் டாக்டருக்குப் படிக்கணும்னா மெட்ராஸோ மதுரையோ போகணும். அப்பாரு 1967-ல சேர்ந்தாரு. காட்டு வேலை பார்க்கிற குடும்பத்துல இருந்து போன முதல் டாக்டர்.

அவர் உடம்புக் கூறு படிச்சுட்டு இருந்த அதே நேரத்துல ரெண்டு கண்டத்துல கதவு அகலமாத் திறந்து கிடந்தது. இங்கிலாந்துல 1948-ல தேசிய சுகாதாரச் சேவை வந்ததுல இருந்தே டாக்டர் பற்றாக்குறை. 1960-ல இருந்து 1963 வரைக்கும் சுகாதார அமைச்சரா இருந்தவர் ஈனாக் பவல். அவர் காலத்துல இந்திய, பாகிஸ்தானிய டாக்டர்கள் கூட்டம் கூட்டமாப் போய்ச் சேர்ந்தாங்க. அதே பவல்தான் 1968-ல பர்மிங்ஹாம்ல வந்தேறிகளுக்கு எதிரா அந்தப் பிரபலமான பேச்சைப் பேசினவர். என்னத்தச் சொல்ல.

அமெரிக்காவுல வெளிநாட்டு டாக்டர்களைச் சோதிக்க 1956-ல இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பு வந்துச்சு, முதல் பரீட்சை 1958-ல. 1965-ல குடியேற்றச் சட்டத்தை மாத்தி ஆசியாக்காரங்களுக்கு இருந்த கெடுபிடியை எடுத்தாங்க. அதே வருஷம் முதியோருக்கான மெடிகேர் திட்டமும் வந்து ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் தேவை ஏறிடுச்சு. வியட்நாம் போருக்கு வேற டாக்டர்களை அனுப்பிட்டு இருந்தாங்க. பரீட்சை பாஸ் பண்ணினா ரெசிடென்சி கிடைக்கும்ங்கிற நிலைமை.

இதைப் பார்த்து டெல்லி பயந்துடுச்சு. நம்ம வரிப்பணத்துல படிச்சவங்க எல்லாம் ஓடிடுவாங்கன்னு, 1960-களோட கடைசியில அந்தப் பரீட்சையை இந்தியாவுக்குள்ள நடத்தவே விடலை. ஓடறவன் பரீட்சை இங்க நடக்கலைன்னா சும்மா இருப்பானா? சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய் எழுதினாங்க. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகியிருந்த நேரம், கையில எட்டு டாலர்தான் கொண்டு போகலாம்னு அந்தக் காலத்து ஆளுங்க எல்லாரும் சொல்லுவாங்க. அப்பாரு எப்படிப் போனாரு? ஆத்தா சொன்னாங்க: ரெண்டு எருமை வித்த காசு, மீதி கடன். தங்கினது அங்க ரப்பர் தோட்டத்துப் பக்கம் இருந்த தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுல.

பாஸ் ஆயிட்டாரு. உடனே கிளம்பியிருந்தா இந்நேரம் ஏதோ ஒரு ஓஹையோவுல செட்டில் ஆகியிருப்பாரு. ஆனா கடைசித் தங்கச்சி கல்யாணம் முடியணும், கடன் அடையணும்னு ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டாரு.

அந்த ரெண்டு வருஷத்துலதான் எல்லாம் நடந்திருக்கு. 1975-ல இங்கிலாந்து இந்தியப் பட்டங்களுக்கு இருந்த அங்கீகாரத்தை எடுத்துட்டு, தேர்வு எழுதினாத்தான் பதிவுன்னு மாத்திருச்சு. இன்னைக்கு நாம பிளாப்னு சொல்றமே, அதோட ஆதி வடிவம் அதுதான். 1976 அக்டோபர்ல அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுச்சு. எங்ககிட்ட இனி டாக்டர் பற்றாக்குறை இல்லைன்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க! 1977 ஜனவரியில இருந்து புதுசா வர்ற வெளிநாட்டு டாக்டருக்குப் பழைய இ.சி.எஃப்.எம்.ஜி. தேர்வு போதாது, அதைவிடக் கடுமையான வி.க்யூ.இ.ன்னு இன்னொண்ணு எழுதணும். அப்பாரு கடனை அடைச்சுட்டு நிமிர்ந்தது 1977 பொங்கலுக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. கோவை மெடிக்கல் காலேஜோட முதல் செட் வெளிய வந்தது 1972 வாக்குல. கதவு சாத்தினது 1977. கோயமுத்தூர்ல இருந்து சுலபமாப் போக முடிஞ்சது மொத்தமே நாலஞ்சு செட்டுக்குத்தான். அப்பாருவோட அறைத்தோழர் 1974-லயே போயிட்டாரு. ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியார், ஒரே புஸ்தகம், ஒரே பரீட்சை. புரோகிராம் எழுதறவன் பாஷையில சொன்னா, அப்பாருவோட கோடு சரிதான், நடுவுல வெர்ஷனை மாத்திட்டாங்க.

திரும்பியும் எழுதியிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க, நானும் கேட்டேன். "கிளினிக்ல கூட்டம் வர ஆரம்பிச்சிருச்சு சாமி, அப்புறம் எங்க"ன்னாரு.

அதுக்கப்புறம் பரீட்சையோட பேரு மாறிட்டே வந்திருக்கு. 1984-ல எஃப்.எம்.ஜி.இ.எம்.எஸ்., 1992-ல யு.எஸ்.எம்.எல்.இ. 1998-ல இருந்து நோயாளியா நடிக்கிறவங்களைச் சோதிச்சுக் காட்டணும்னு ஒரு தேர்வு, அதுக்கு விமானம் ஏறி அமெரிக்காவுக்கே போகணும். அதோட அடுத்த வடிவம் கொரோனாவுல நின்னு, 2021-ல நிரந்தரமா எடுத்துட்டாங்க. இருபது வருஷத்துக்கு மேல அவ்ளோ அவசியமா இருந்தது எப்படி ஒரே நாள்ல அவசியமில்லாமப் போச்சோ!

இடையில ஆள் தேவைப்படறப்ப எல்லாம் ஜன்னல் திறக்கும். படிப்பு முடிஞ்சதும் ரெண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பணும்ங்கிற ஜே-1 விசா விதியை, டாக்டர் இல்லாத ஊருக்குப் போனா தளர்த்தறோம்னு 1994-ல கான்ராட் திட்டம் வந்துச்சு. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச ஆப்ரஹாம் வர்கீஸ் 1980-கள்ல டென்னசியோட ஒரு சின்ன ஊர்ல எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்தவர். உள்ளூர் டாக்டர்கள் போக விரும்பாத இடங்களை வெளிநாட்டு டாக்டர்கள்தான் நிரப்பறாங்கன்னு அவர் நிறைய எழுதியிருக்காரு. அதே டென்னசி 2023-ல, தகுதியுள்ள வெளிநாட்டு டாக்டருக்கு அமெரிக்க ரெசிடென்சி இல்லாமலே தற்காலிக உரிமம் தரலாம்னு சட்டம் போட்டிருக்கு.

இங்கிலாந்துலயும் இதே கதை. 2006-ல விசா விதியைத் திடீர்னு மாத்தினதுல, பிளாப் பாஸ் பண்ணிட்டு வேலைக்குக் காத்திருந்த நம்ம பசங்க நடுத்தெருவுல நின்னாங்க. இந்திய வம்சாவளி டாக்டர்கள் சங்கமான பாப்பியோ வழக்குப் போட்டு 2008-ல பிரபுக்கள் சபை வரைக்கும் போய் ஜெயிச்சுது. 2025 ஜூலையில வந்த பத்தாண்டுத் திட்டத்துல மறுபடியும் உள்ளூர்ப் பட்டதாரிக்கே முன்னுரிமைன்னு சொல்லியிருக்காங்க.

அவங்களை மட்டும் திட்டறதுல நியாயமில்லை. வெளிநாட்டுல படிச்சுட்டு வர்ற நம்ம பிள்ளைகளுக்கு நாமளும் 2002-ல இருந்து எஃப்.எம்.ஜி.இ.ன்னு ஒரு பரீட்சை வெச்சிருக்கோம். முந்நூறுக்கு நூத்தம்பது எடுக்கணும். பெரும்பாலும் மூணுல ஒருத்தர் கூடத் தேறறதில்லை. 2021 நவம்பர்ல வந்த விதிப்படி, 54 மாசப் படிப்பு, அங்க ஒரு வருஷம் பயிற்சி, இங்க ஒரு வருஷம் பயிற்சி, அதோட படிச்ச நாட்டுல டாக்டராத் தொழில் பண்ற தகுதியும் வேணும். சித்தப்பா பொண்ணு இப்போ ஜார்ஜியாவுல, திபிலிசியில அஞ்சாவது வருஷம். நீட் மார்க் பத்தலை, இங்க தனியார் காலேஜுக்குப் பணம் பத்தலை. அவ போன்ல கூப்பிட்டா அப்பாரு பாடத்தைப் பத்திக் கேக்கறதே இல்லை. "புதுசா ஏதாச்சும் சர்க்குலர் வந்துச்சா கண்ணு?" இதுதான் முதல் கேள்வி. இத்தனை நாளா கிழவருக்கு ஏன் இந்த அக்கறைன்னு எனக்குப் புரியலை.

பெட்டி மறுபடி பரணுக்குப் போயிருச்சு. காகிதத்தை மட்டும் ஆத்தா எடுத்து பீரோவுல வெச்சிருக்காங்க. வர்ற ஆவணியில சென்னிமலையில ஒரு கல்யாணம் இருக்கு. பந்தியில இந்தத் தடவை அப்பாரு பக்கத்துல நான்தான் உக்காரப் போறேன். மொபைல்ல அந்தச் சான்றிதழோட போட்டோ இருக்கு, 1976 அக்டோபர்ங்கிற தேதியும் இருக்கு. ரசம் வரட்டும் :-)