அஞ்சல்வழி ஆட்டங்கள்

அஞ்சல்வழி ஆட்டம் என்பது நேரில் கூடாமல், கடிதத்தில் நகர்வுகளை எழுதி அனுப்பி ஆடுவதாகும். 1824 முதல் 1828 வரை எடின்பரோ, லண்டன் சதுரங்கக் கழகங்கள் இவ்வாறு ஐந்து ஆட்டங்கள் ஆடின. எடின்பரோ இரண்டில் வென்றது, ஒன்றில் தோற்றது. இரண்டு சமநிலையில் முடிந்தன. ‘ஸ்காட்ச்’ தொடக்கத்தின் பெயர் இப்போட்டியால் வந்ததே.

சதுரங்கத்தில் ஒருவர் பதில் தராவிட்டால் மற்றவர் வென்றதாகக் கொள்ளலாம். பலர் ஆடும்போது ஒருவரின் மௌனம் அனைவரையும் காக்க வைக்கும். 1959-இல் ஆலன் கால்ஹாமர் வெளியிட்ட ‘டிப்ளமசி’ ஏழு பேருக்கான ஆட்டம். 1963-இல் ஜான் போர்டுமன் தம் சிற்றிதழ் வழியாக அதை அஞ்சலில் நடத்தினார். நடத்துநர் கெடு நாளுக்குள் வந்த ஆணைகளை ஒருசேரத் தீர்த்து, முடிவை அச்சிட்டு அனுப்புவார். ஆணை வராதவரின் படை நின்ற இடத்திலேயே நிற்கும். தொடர்ந்து வராவிடில் அவருக்கு மாற்றாக வேறொருவர் ஆடுவார்.

1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ வெளியானபின், கதைமாந்தராகப் பேசி நடிக்கும் ஆட்டங்களும் அஞ்சலுக்கு வந்தன. இவற்றில் வெற்றி தோல்வி இல்லை. கதை நின்றுவிடுவதே இழப்பு. எனவே கெடு, சிறு குழு, வராதவரின் பாத்திரத்தை நடத்துநரே தற்காலிகமாக ஏற்றல், ‘இதுவரை நடந்தது’ என்ற சுருக்கம் ஆகியவை இவற்றுக்கு இன்றியமையாதவை.

கெடுவை வைக்கும்முன் கடிதம் சேர எத்தனை நாளாகும் என்று அறிய வேண்டும். இந்தியாவில் காலணா அஞ்சலட்டை 1879-இலும், அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-இலும் வந்தன. அம்பத்தூர் 600053, ஆவடி 600054, பூந்தமல்லி 600056 என்பவை அம்முறையில் அமைந்த எண்களே.